முதல் நூல் பருத்தியாகவே இருக்கட்டும்

கொக்கி ஊசியால் நூல் பின்னுகிற குரோஷேயைப் பழக ஆசைப்பட்டு யூடியூபைத் திறக்கிற எல்லோருக்கும் முதலில் கிடைக்கிற புத்திமதி, பருத்தி நூலில் தொடங்காதீர்கள் என்பதுதான். அது இழுபடாது, கை நோகும், மெத்தென்ற கம்பளியோ அக்ரிலிக்கோ வாங்குங்கள் என்பார்கள். சொல்கிறவர்களில் பெரும்பாலானோர் குளிர் தேசத்துக்காரர். தொப்பியும் சால்வையும் கையுறையும் அவர்களுக்கு அன்றாடம் வேண்டிய சாமான்கள், அதனால் அந்தப் புத்திமதி அவர்களுக்குச் சரி. நான் இலங்கையின் கிழக்குக் கரையில், கல்முனையில் இருக்கிறேன். ஆடி மாதக் கச்சான் காற்று அனலாக அடிக்கும்போது கம்பளிப் பந்தை மடியில் வைத்துக்கொண்டு இருக்க இங்கே யாராலும் ஏலாது. பின்னி முடித்தாலும் மலைநாட்டுக் குளிரில் நுவரெலியாவுக்குப் போகிற அன்றைக்குத்தான் அதை வெளியே எடுக்கலாம்.

எங்கள் பக்கத்தில் பழகுகிறவர்கள் பருத்தியிலேயே தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். கேட்டு வருகிற பிள்ளைகளுக்கும் அதையே சொல்கிறேன். பருத்தியில் பின்னிய முதல் துண்டே வீட்டில் உழைக்கும். கோணலாக இருந்தாலும் பரவாயில்லை, கோப்பை கழுவலாம், மேசை துடைக்கலாம், சட்டி இறக்கலாம். பழகுவதற்காகப் பின்னி, பிறகு அலுமாரிக்குள் போட்டு மறந்துபோகிற துண்டாக அது இருக்காது.

இதைவிடப் பெரிய காரணம் கண்ணுக்குரியது. குரோஷே கையால் செய்கிற வேலை என்றாலும், பழகுகிற காலத்தில் கண்தான் அதிகம் பாடுபடுகிறது. எந்தக் கண்ணிக்குள் ஊசியை விட வேண்டும், போன வரிசை எங்கே முடிந்தது, இது கண்ணியா அல்லது இரண்டு கண்ணிகளுக்கு இடையில் உள்ள ஓட்டையா என்று ஒவ்வொரு நொடியும் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். கம்பளியில் மயிர் எழும்பி இவற்றையெல்லாம் மூடிவிடும். பருத்தியில் ஒவ்வொரு கண்ணியும் தனித்தனியாக எழும்பி நிற்கும். பருத்தி இழுபடாது என்பதை ஒரு குறையாகச் சொல்கிறார்கள். உங்கள் கை எப்படி இழுத்ததோ அதை அப்படியே காட்டும் என்பதுதான் அதற்குப் பொருள். கம்பளி, இறுக்கத்தையும் தளர்வையும் தனக்குள் சமன் செய்துவிடும், பார்க்க அழகாகவும் இருக்கும். ஆனால் கை எங்கே இறுகுகிறது என்பது பழகுகிறவருக்குத் தெரியாமலே போய்விடும்.

சரி, நூலுக்கு வருவோம்.

ஃபேன்சிக் கடையில் போய்ப் பின்னுகிற நூல் என்று கேட்டால் பெரும்பாலும் அக்ரிலிக் பந்தைத்தான் எடுத்துத் தருவார்கள். சுற்றுத்தாள் இருந்தால் வாசித்துப் பாருங்கள். தாள் இல்லாத பந்து என்றால் வீட்டுக்கு வந்ததும் ஒரு சாண் நூலை வெட்டி, கிடுக்கியால் பிடித்து, ஒரு பீங்கானுக்கு மேலே வைத்து நெருப்புக் காட்டுங்கள். பருத்தி என்றால் கடதாசி எரிகிற மணம் வரும், ஊதினால் பறந்துபோகிற சாம்பல் மிஞ்சும். அக்ரிலிக் உருகிச் சுருண்டு கறுத்த மணியாக இறுகிவிடும். உருகிய துளி கையில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும், அதனால் பிள்ளைகளைக் கிட்ட விடாதீர்கள். சட்டி பிடிக்கிற துணியை அக்ரிலிக்கில் பின்னக்கூடாது என்பதற்குக் காரணமும் இதுவே. அடுப்பில் இருந்து இறக்குகிற சட்டியின் சூட்டில் அது இளகும்.

பருத்தியிலும் இரண்டு விதம் கடையில் இருக்கும், ஒன்று மங்கல், மற்றது மினுக்கம். மினுங்குவது மெர்சரைஸ் செய்த நூல். லங்காஷயரைச் சேர்ந்த ஜோன் மேர்சர் என்பவர், கோஸ்டிக் சோடா என்ற காரத்தின் கரைசலில் பட்ட பருத்தி தடித்து, பலமாகி, சாயத்தையும் நன்றாகப் பிடிப்பதைக் கண்டு 1850 இல் காப்புரிமை பெற்றார். ஆனால் துணி சுருங்கிப் போனதால் ஆலைக்காரர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1890 அளவில் ஹொரஸ் லோ என்பவர் நூலை இழுத்துப் பிடித்தபடியே அந்தக் காரத்தில் நனைத்துக் காட்டினார். சுருக்கமும் நின்றது, பட்டுப் போல மினுக்கமும் வந்தது. மேசை விரிப்பு, தலையணை உறை ஓரத்து ரேந்தை போன்றவற்றுக்கு இந்த நூல்தான் அழகு. பழகுகிறவருக்கோ அது ஊசியில் வழுக்கும். அதனால் முதலில் மங்கல் பருத்தி வாங்குங்கள், எட்டு இழை முறுக்கிய தடிப்பில். இளம் மஞ்சள், இளம் பச்சை, வெளிர் நீலம், எதுவானாலும் வெளிர் நிறம். கறுப்பும் கடும் நீலமும் இரவில் மின்குமிழ் வெளிச்சத்தில் கண்ணைக் களைக்க வைக்கும். ரேந்தைக்கான மெல்லிய நூல்களில் இலக்கம் கூடக் கூட நூல் மெலியும், அதாவது 20 ஆம் இலக்கம் 10 ஐ விட மெல்லியது. அந்தப் பக்கம் இப்போதைக்குப் போகவேண்டாம்.

ஊசி 4 மில்லிமீற்றர். நூல் கொஞ்சம் மெலிந்தது என்றால் 3.5. பழைய இரும்பு ஊசிகளில் உள்ள இலக்கங்கள் தலைகீழாக ஓடும், இலக்கம் கூடினால் ஊசி சிறிதாகும். அதனால் மில்லிமீற்றரை மட்டும் நம்புங்கள். கடற்கரைப் பக்கத்து வீடுகளில் இரும்பு ஊசி துருப்பிடித்து நூலில் கறை ஏற்றும், அலுமினியம் நல்லது.

ஒரு விஷயத்தைக் கிட்ட வைத்துப் பார்க்கச் சொல்வேன். ஊசியின் நுனியில் வளைந்த மூக்கு, அதற்குக் கீழே ஒடுங்கிய கழுத்து, அதற்கும் கீழே உருண்டையான தண்டு. 4 மில்லிமீற்றர் என்பது அந்தத் தண்டின் அளவு. பழகுகிறவர்கள் பயத்தில் எல்லாவற்றையும் கழுத்திலேயே வைத்து இழுத்து முடித்துவிடுவார்கள். கண்ணி கழுத்தின் அளவுக்குச் சிறுத்து இறுகிவிடும், அடுத்த வரிசையில் ஊசி நுழையாது. கம்பளி என்றால் முக்கி முக்கி நுழைத்துவிடலாம், பருத்தி ஒரு நூல் கூட விட்டுக்கொடுக்காது. இழுத்த கண்ணியைக் கழுத்தைத் தாண்டித் தண்டுக்கு இறக்கிவிட்டுத்தான் அடுத்ததைத் தொடங்க வேண்டும். இந்த ஒரு பழக்கம் வந்தால் கை நோ பெரும்பாலும் போய்விடும். இடது கையில் நூலைச் சின்ன விரலில் ஒரு சுற்றுச் சுற்றி, சுட்டுவிரலை உயர்த்திப் பிடியுங்கள். நூலில் இல்லாத நெளிவை அந்தச் சுட்டுவிரல் தர வேண்டும். ஊசி இழுக்கும்போது விரல் கொஞ்சம் தாழ்ந்து கொடுத்து, மறுபடி எழும்ப வேண்டும். அப்படியும் மணிக்கட்டு வலித்தால் வைத்துவிட்டு எழும்பி ஒரு தேத்தண்ணி குடியுங்கள். வலிக்க வலிக்கப் பின்னினால் கண்ணி இன்னும் இறுகும்.

முதல் துண்டு ஒரு சதுரம். 26 சங்கிலிக் கண்ணி போடுங்கள், கொஞ்சம் தளர்வாக. தளரப் போட வரவில்லை என்றால் சங்கிலிக்கு மட்டும் ஒரு அளவு பெரிய ஊசி எடுக்கலாம். ஊசியில் இருந்து இரண்டாவது சங்கிலியில் தொடங்கிச் சிங்கிள் குரோஷே, அதாவது ஊசியை உள்ளே விட்டு நூலை இழுத்து, ஊசியில் இருக்கிற இரண்டு வளையங்களையும் மறுபடி நூலால் ஒன்றாக முடிக்கிற கட்டையான கண்ணி, மொத்தம் 25. ஒரு சங்கிலி போட்டுத் திருப்பி, மறுபடி 25. நீளமும் அகலமும் ஒன்றாகும் வரைக்கும் இதேதான்.

இந்த 25 ஐக் காப்பாற்றுவதுதான் பெரிய பாடு. மச்சாளின் மகள் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறு வரும் வரைக்கும் சும்மா இருந்தாள். பின்னப் பழக்கித் தாங்க என்று வந்து விறாந்தையில் இருந்துவிட்டாள். கை வேகம். கொஞ்ச நேரத்தில் ஒரு சாண் பின்னிவிட்டுத் தூக்கிக் காட்டினாள்.

"மாமி, நான் நேராத்தானே பின்னுறன். இது ஏன் மேல போகப் போக ஒடுங்குது?"

"எண்ணிப் பாத்தியா புள்ள?"

"எண்ணல்ல."

"எண்ணு."

21 இருந்தது. நாலு கண்ணி எங்கே போனது என்று அவளையே தேட விட்டேன். துண்டை வெளிச்சத்துக்குப் பிடித்து, மேல் விளிம்பை விரலால் நீவி, ஒவ்வொரு கண்ணியின் தலையையும் தொட்டுப் பார்த்தாள். சிங்கிள் குரோஷேயின் தலை, படுத்துக் கிடக்கிற ஒரு சின்ன அம்புக்குறி போல இருக்கும். இரண்டு இழை ஒரு பக்கம் சேர்ந்து, மறு பக்கம் விரிந்திருக்கும். நடுவில் உள்ளவை ஒழுங்காக நிற்கும். வரிசையின் கடைசிக் கண்ணி மட்டும், திருப்புவதற்காகப் போட்ட சங்கிலியோடு ஒட்டிக்கொண்டு, விளிம்பில் சரிந்து பின்பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும். அதை ஆட்கள் கண்ணி என்றே எண்ணமாட்டார்கள். வரிசை முடிந்தது என்று நினைத்துத் திருப்பிவிடுவார்கள். அவளும் அதைத்தான் செய்திருந்தாள்.

"மறுகா என்ன மாமி, அவிழ்க்கவா?"

"அவிழ். முதல் வரிசை வரைக்கும்."

ஒரு இழுவையில் சரசரவென்று வந்துவிட்டது. பருத்தியை எனக்குப் பிடிக்கிறதுக்கு இதுவும் ஒரு காரணம். மயிர் பின்னிச் சிக்காது. இரண்டு மூன்று தரம் அவிழ்த்தாலும் நூல் நூலாகவே இருக்கும், அதற்கு மேல்தான் முறுக்குத் தளரும். அப்புறம் அவளுக்கு ஒரு சேஃப்டி பின் கொடுத்தேன். ஒவ்வொரு வரிசையிலும் முதல் கண்ணி பின்னிய உடனே அதில் பின்னைக் கொழுவிவிட வேண்டும். திருப்பிப் பின்னிக்கொண்டு வரும்போது அந்தப் பின் இருக்கிற கண்ணிதான் கடைசி. எண்ணவே தேவையில்லை. மாலைக்குள் அவளுக்கு விளிம்பு நேராகிவிட்டது, இரண்டொரு நாளில் பின் இல்லாமலே அந்தச் சரிந்த கண்ணியைக் கண்டுபிடிக்கத் தொடங்கிவிட்டாள். நான் மேலே சொன்ன கண் பழக்கம் அதுதான். அது வந்துவிட்டால் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்க்கிற தொல்லை போய்விடும். படத்தைப் பார்த்தே இது என்ன கண்ணி என்று சொல்லலாம்.

வீடியோ என்றதும் இன்னொன்று. இப்போது நாம் பார்க்கிறவற்றில் பெரும்பாலானவை அமெரிக்க முறை. அம்மாமாரின் அலுமாரியில் கிடக்கிற பழைய ஆங்கிலப் புத்தகங்கள் பிரித்தானிய முறை. அமெரிக்கர் சிங்கிள் குரோஷே என்பதைப் பிரித்தானியர் டபுள் குரோஷே என்பார்கள். அமெரிக்க டபுள், அங்கே ட்ரெபிள். தொடங்கும் முன் எந்த முறை என்று பாருங்கள். சிங்கிள் குரோஷே என்ற பேச்சு வந்தால் அது பெரும்பாலும் அமெரிக்க முறைதான். இந்தக் கட்டுரையிலும் நான் அதையே எழுதுகிறேன்.

இனி, எனக்கு மிகவும் பிடித்த நூலைப் பற்றி.

கல்முனைக்கு வடக்கே கொஞ்சத் தூரத்தில் மருதமுனை. கைத்தறிச் சாரியும் சாரமும் என்றால் கிழக்கில் முதலில் வாயில் வருகிற ஊர். வெளியூரில் இருந்து பந்து பந்தாக வருகிற நூலைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டிருக்கிற நாங்கள், பக்கத்து ஊரில் தினமும் பருத்தி ஓடுகிறது என்பதை நினைப்பதில்லை. அங்கே நெசவு செய்கிற ராத்தா ஒருவரிடம், ஊடைக் குழல்களில், அதாவது குறுக்காக ஓடுகிற நூலைச் சுற்றிய குழல்களில், மிஞ்சுகிற நூலை என்ன செய்வீர்கள் என்று ஒரு தரம் கேட்டேன்.

"வீச மனம் வராது தங்கச்சி. சும்மா கட்டி வெச்சிருக்கன். வேணும்டா கொண்டு போங்க."

ஒரு பை நிறையத் தந்தார். நான் கொண்டுபோயிருந்த குரோஷேத் துண்டை வாங்கி, ஒரு இழையைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்து உருட்டிப் பார்த்தார். அப்புறம் தன் நூலையும் அதே போல உருட்டினார்.

"உங்கட நூலுக்கு நல்ல முறுக்கு. இது தறியில ஊடைக்கு ஓடுற நூல். சும்மா சேத்துப் பின்னினா முறுக்கு காணாது, ஊசி நடுவால பூந்திரும்."

ஊசியே பிடிக்காத ஒருவர் விரலால் தொட்டே சொன்ன இந்தத் தீர்ப்பு நூற்றுக்கு நூறு சரி. நெசவு நூல் எவ்வளவு மெல்லியது என்பதைக் கணக்குப் பார்த்தால்தான் விளங்கும். பருத்தி நூலின் நம்பர் என்பது, ஒரு இறாத்தல் நூலில் 840 யார் நீளமான கழிகள், அதாவது சுற்றிக் கட்டிய நூல் கட்டுகள், எத்தனை என்பது. 40 ஆம் நம்பர் என்றால் 40 கழி, அதாவது 33,600 யார், 30 கிலோமீற்றருக்கு மேல். ஒரு இறாத்தல் நூலின் ஒரு நுனியை மட்டக்களப்பு நகரத்தில் கட்டினால் மற்ற நுனி களுவாஞ்சிக்குடியைத் தொடும். 2/40 என்று சொன்னால் அந்த நூலில் இரண்டை முறுக்கியது. அதில் 12 இழை சேர்த்துப் பிடித்தால் 100 கிராமுக்குச் சுமார் 280 மீற்றர் வரும். 3 மில்லிமீற்றர் ஊசிக்கு அது அளவான தடிப்பு.

ஆனால் ராத்தா சொன்னபடி அந்த 12 இழைகளும் ஒன்றோடொன்று முறுக்கப்படாமல் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். ஊசி பத்து இழையைப் பிடித்து இரண்டை விட்டுவிடும், விட்ட இழை பின்பக்கம் கண்ணியாகத் தொங்கும். அதனால் கை நன்றாகப் பழகிய பிறகு இதற்கு வாருங்கள். எல்லா இழைகளையும் ஒரே இழுவிசையில் சேர்த்துப் பந்தாகச் சுற்றிக்கொள்ள வேண்டும், ஒன்று தளர்ந்தாலும் அது தனியே துருத்தும். ஊசியின் மூக்கு கூராக இல்லாமல் மொழுக்கென்று இருக்க வேண்டும். பொறுமையாகப் பின்னினால் கடையில் வாங்க முடியாத நிறம் கிடைக்கும். நாலு இழை சிவப்பு, நாலு இழை செம்மஞ்சள், நாலு இழை கத்தரிப்பூ நிறம் சேர்த்துப் பின்னியதைக் கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்த்தால் பெயர் சொல்ல முடியாத ஒரு நிறம் தெரியும். அந்த நெசவாளர்களில் யாராவது எட்டு, பத்து இழையை முறுக்கி, சிறு கழிகளாகக் கட்டி விற்கத் தொடங்கினால் முதல் ஆளாக நான் போய் நிற்பேன். இங்கே பின்னுகிற பெண்களும் அங்கே நெய்கிறவர்களும் ஒருவரை ஒருவர் அறியாமலே இவ்வளவு காலம் போனது எனக்குப் பெரிய மனக்குறை.

சதுரம் வந்த பிறகு வட்டம். சட்டி வைக்கிற விரிப்புக்கு வட்டம்தான் வசதி. முதல் சுற்றில் 6 சிங்கிள் குரோஷே, பிறகு ஒவ்வொரு சுற்றிலும் 6 கூட்ட வேண்டும். 12, 18, 24, 30, 36 என்று போகும். இரண்டாம் சுற்றில் எல்லாக் கண்ணியிலும் இரண்டிரண்டு, மூன்றாவதில் ஒன்று விட்டு ஒன்றில் இரண்டு, நான்காவதில் இரண்டு விட்டு மூன்றாவதில் இரண்டு. விளிம்பு கிண்ணம் போல மேலே எழும்பினால் கூட்டியது குறைவு, அலை அலையாக நெளிந்தால் கூடிவிட்டது. பருத்தி இதையும் ஒளிக்காமல் உடனே காட்டிவிடும். சூடான சட்டிக்கு இரண்டு வட்டம் பின்னி ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து ஓரத்தைச் சேர்த்துவிடுங்கள். ஈரமாக இருக்கும்போது அதனால் சட்டியைப் பிடிக்கக்கூடாது, தண்ணீர் சூட்டைச் சட்டென்று கைக்குக் கடத்திவிடும்.

பின்னி முடித்ததும் நூலை முடிச்சுப் போட்டு ஒட்ட வெட்டுகிற பழக்கம் பலருக்கு உண்டு. பருத்தி முடிச்சு இரண்டு கழுவலில் தளரும், அல்லது விரலில் உறுத்தும். ஒரு சாண் வால் விட்டு வெட்டி, மொட்டை நுனித் தையல் ஊசியில் கோத்து, கண்ணிகளுக்குள் ஒரு பக்கம் ஓட்டி, திருப்பி எதிர்ப்பக்கம் ஓட்டி, மறுபடியும் ஒரு தரம் திருப்பி ஓட்டுங்கள். பிறகு வெட்டலாம்.

அதன் பிறகு கட்டாயம் கழுவ வேண்டும். பருத்தி முதல் கழுவலில் சுருங்கும். நெசவு நூலில் கடும் நிறங்கள் சாயம் விடும், சிவப்போடு வெள்ளை சேர்த்துப் பின்னியிருந்தால் வெள்ளை ரோசாவாகும். உப்பில் ஊறவை, வினாகிரியில் ஊறவை என்று பலர் சொல்வார்கள். ஏற்கெனவே சாயம் போட்டு வந்த பருத்திக்கு அவை இரண்டாலும் பயனில்லை. பின்னும் முன்பே நூலைக் கழியாகக் கட்டி, தண்ணீர் தெளிந்து வரும் வரைக்கும் பச்சைத் தண்ணீரில் அலசுவதுதான் வழி. ஈரத்தில் பருத்தி பலம் கூடுமே தவிரக் குறையாது, அலசப் பயப்படவேண்டாம். கொடியில் மட்டும் தொங்கவிடாதீர்கள். குடித்த தண்ணீரின் பாரத்தில் துண்டு கீழே இழுபட்டு உருக்குலையும். ஒரு துவாயை விரித்து, அதன் மேல் சதுரத்தைக் கையால் நேராக்கி, நிழலில் காயப் போடுங்கள். மாரியில் காய நாளாகும், மின்விசிறிக்குக் கீழே வைக்கலாம்.

காய்ந்த சதுரத்தை அளந்து, நிறுத்து, இரண்டு கணக்கையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். 25 கண்ணிக்கு 15 சென்ரிமீற்றர் வந்திருந்தால் 60 சென்ரிமீற்றர் அகல விரிப்புக்கு 100 கண்ணி. 15 க்கு 15 சதுரம் 20 கிராம் என்றால் 60 க்கு 60 விரிப்பு அதில் 16 மடங்கு, 320 கிராம் நூல். கொஞ்சம் கூட்டி 400 கிராமாக, எல்லாப் பந்தையும் ஒரே நாளில், சுற்றுத்தாளில் சாயத் தொகுதி இலக்கம் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அடுத்த மாதம் கடைக்கு வருகிற நீலம் வேறு நீலமாக இருக்கும்.